ஊரில் சத்துணவு வேலை தொடங்கப் போகிறீர்களா? முதலில் தட்டைப் பாருங்கள்

எங்கள் ஊர் மகளிர் குழுவில் நான் பத்து வருடமாக இருக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கலுக்கும் குளச்சலுக்கும் நடுவில் கிடக்கிற ஊர், ஒரு பக்கம் ரப்பரும் தென்னையும், இன்னொரு பக்கம் கொஞ்ச தூரத்தில் கடல். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஏதாவது செய்யணும், எப்படித் தொடங்குறது என்று பக்கத்து ஊர்க் குழுக்காரர்கள், அன்பியத்துக்காரர்கள் (சர்ச்சில் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு), கோவில் கமிட்டிப் பையன்கள் என்று பலர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

நாங்கள் முதல் வருடம் அடித்த கூத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வசூல் செய்து நாற்பது டின் புரோட்டீன் பவுடர் வாங்கினோம். பந்தல், மைக், பொன்னாடை, போட்டோ எல்லாம் உண்டு. இரண்டு மாதம் கழித்து வீடு வீடாகப் போய்ப் பார்த்தால் ஒரு வீட்டில் அந்த டின்னில் மிளகாய்ப்பொடி இருந்தது. இன்னொரு வீட்டில் மரத்தடி சுமக்கப் போகிற புருஷனுக்குத் தெம்பு வேண்டும் என்று பாலில் கலந்து கொடுத்துத் தீர்த்திருந்தார்கள். மூன்றாவது வீட்டில் டின்னைத் திறக்கவே இல்லை, "இதைக் குடிச்சா பிள்ளை பெருசாகி ஆபரேஷன்ல கொண்டு விடும்" என்று மாமியார் அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்திருந்தார். யார் மேலும் தப்பு இல்லை. வீட்டுக்குள் ஒரு பொருள் வந்தால் அது யார் தட்டுக்குப் போகும் என்பதை அந்த வீடு ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது, அது தெரியாமல் நாங்கள்தான் டின்னோடு போய் நின்றோம்.

அதனால் பணம் வசூலிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளைச் சொல்கிறேன்.

ஒரு வார்டு போதும்

பஞ்சாயத்து முழுவதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அறுபது, எழுபது வீடு உள்ள ஒரு பகுதி, நடந்தே சுற்றி வரக்கூடியதாக இருக்கட்டும். ஒரு நீள நோட்டு வாங்குங்கள், செல்போனில் பட்டியல் போட்டால் அது ஒருவர் கையிலேயே இருந்துவிடும், நோட்டு என்றால் நாலு பேர் கை மாறும்.

முதல் நடை அங்கன்வாடி டீச்சரிடம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்று எல்லாப் பட்டியலும் அவர்களிடம் இருக்கும், எடையும் உயரமும் மாதாமாதம் எழுதியிருப்பார்கள். ஆனால் போகிற விதம் முக்கியம். "முட்டை ஒழுங்கா போடுறீங்களா" என்று அதிகாரி மாதிரி நுழைந்தால் அன்றோடு கதை முடிந்தது. ஒரு டீச்சரும் ஒரு ஆயாவும் சமையல், எடை, பதிவேடு, செல்போன் செயலியில் பதிவு, வீடு பார்க்கப் போவது என்று எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் முதலில் போய்ச் செய்தது அங்கன்வாடிக்குப் பின்னால் கிடந்த காட்டை வெட்டி இரண்டு முருங்கைக் கம்பு நட்டதுதான். அதற்கு அப்புறம் டீச்சரே எங்களைக் கூப்பிட ஆரம்பித்தார்.

இரண்டாவது நடை துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம், அதாவது கிராம சுகாதார செவிலியரிடம். யாருக்கு ரத்தம் குறைவு, யார் செக்கப்புக்கு வராமல் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒருத்தருடைய ரத்த அளவை இன்னொருத்தரிடம் அவர் சொல்லக் கூடாது, நீங்களும் கேட்கக் கூடாது. "எந்த வீட்டுக்கு நாங்க ஒருதடவை போயிட்டு வந்தா உங்களுக்கு உதவியா இருக்கும்" என்று மட்டும் கேளுங்கள், போதும்.

இந்த இரண்டு பட்டியலிலும் வராதவர்கள் இருப்பார்கள், உண்மையான வேலையே அவர்களிடம்தான். வாடகைக்குப் புதிதாக வந்த குடும்பம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து, இங்கேயும் அங்கேயும் பேர் இல்லாமல் நிற்கிற பெண். தோவாளைப் பக்கம் என்றால் செங்கல் சூளையில் தங்கியிருக்கிற வெளியூர்க்காரர்கள். தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் என்றால் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வர மாட்டார்கள், வீடு முழுவதும் அந்தப் பெண் தலையில். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒகி புயலில் புருஷனை இழந்து, பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிற வீடுகள் கரை நெடுக உண்டு. பேச்சிப்பாறைக்கு மேலே மோதிரமலை, குற்றியாறு மாதிரி காணிப் பழங்குடி மக்கள் குடியிருப்புகள் என்றால் கணக்கே வேறு, அங்கே மருத்துவமனைக்கு இறங்கி வருவதே ஒரு நாள் வேலை. போகிறவர்கள் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் பேசிவிட்டுப் போங்கள், கிழங்கும் கீரையும் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட நமக்குத் தெரியாது.

நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான வேலை, இதற்குக் காசே வேண்டாம்.

"நல்லா சாப்பிடுறியாம்மா" என்று கேட்டால் எந்தப் பெண்ணும் "ஆமா, எல்லாம் சாப்பிடுவேன்" என்றுதான் சொல்வாள். அப்படிக் கேட்காதீர்கள். நேற்று எழுந்ததிலிருந்து படுக்கிற வரை வரிசையாகக் கேளுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், முதலில் என்ன குடித்தீர்கள், அப்புறம் என்ன, யார் பரிமாறினார்கள், மீன் எத்தனை துண்டு இருந்தது, அது யார் யாருக்குப் போச்சு. இடையில் அறிவுரை சொல்லக் கூடாது. முகம் சுளிக்கவும் கூடாது.

அண்டியாபீஸ், அதாவது முந்திரிப்பருப்பு ஆலை, வேலைக்குப் போகிற ஒரு அக்காவின் ஒரு நாளை, அவர் சொன்னபடியே நோட்டில் எழுதினேன். காலை நாலரைக்கு எழுந்து கட்டன் சாயா, அதாவது பால் இல்லாத டீ. சமையல் முடித்து ஏழு மணிக்கு நின்றுகொண்டே ரெண்டு வாய் பழையது. மத்தியானத்துக்குத் தூக்குப்பாத்திரத்தில் சோறும் முந்தின நாள் சாளை (மத்தி) மீன் குழம்பும், குழம்பு மட்டும்தான், துண்டு இல்லை. பதினோரு மணிக்கு வாசல் கடையில் சாயாவும் ஒரு வடையும். இரண்டு மணிக்கு அந்தச் சோறு. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் இன்னொரு சாயா. ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு முடித்து ஒன்பதரைக்கு மிச்சச் சோறும் குழம்பின் அடியும்.

அவருடைய கடைசிப் பிள்ளைக்கு அப்போது பதினொரு மாதம். காலையில் தாய்ப்பால், ராத்திரி தாய்ப்பால். நடுவில் பாட்டியோடு. பாட்டி சாயாவில் பிஸ்கட் முக்கிக் கொடுப்பார், அது மூன்று தடவை. மத்தியானம் தண்ணியாகக் கஞ்சி. சாயங்காலம் பெட்டிக்கடையில் தொங்குகிற ஆரஞ்சு நிற வறுவல் பாக்கெட் ஒன்று.

பிள்ளை பட்டினி கிடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வயிறு நிறைந்துதான் இருக்கிறது, அழவும் இல்லை, அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் அம்மா பிள்ளை இரண்டு பேருக்கும் அன்றைக்குப் பயறு இல்லை, முட்டை இல்லை, மீன் இல்லை, கீரை இல்லை, பழம் இல்லை. இத்தனைக்கும் பின்பக்கம் முருங்கை நிற்கிறது, ஐந்து கோழி மேய்கிறது. முட்டையை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "கடையில குடுத்துருவேன், நாட்டுக்கோழி முட்டைக்கு நல்ல விலை கிடைக்கும்" என்றார்.

விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காசு அவருக்கு வேண்டியிருக்கிறது. விற்ற காசில் பாதிக்குச் சாதாரண வெள்ளை முட்டை வாங்குங்கள் என்றுதான் சொன்னேன். நாட்டு முட்டைக்கும் பண்ணை முட்டைக்கும் புரதத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது, ஒன்றில் ஆறு ஏழு கிராம் இருக்கும். அந்த வீட்டுக்கு நாங்கள் காசாக எதுவும் கொடுக்கவில்லை, இந்த ஒரு கணக்கு மட்டும்தான் கொடுத்தோம்.

பத்து வீட்டில் இப்படிக் கேட்டு எழுதினால் உங்கள் வார்டின் குறை என்ன என்று தன்னால் தெரிந்துவிடும். எங்கள் பக்கம் தெரிந்தது இரண்டு. ஒன்று, மீன் துண்டு கர்ப்பிணிக்கு வந்து சேருவதில்லை. இரண்டு, சாயா.

அளப்பது

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் புஜத்தின் சுற்றளவை அளக்க ஒரு டேப் உண்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் போட்டிருக்கும். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டு, எப்படி அளப்பது என்று ஒருதடவை கூட இருந்து பழகிக்கொள்ளுங்கள். இடது கை, தோளுக்கும் முழங்கைக்கும் சரியாக நடுவில், கையைத் தொங்கவிட்டு, இறுக்காமல். 12.5 சென்டிமீட்டருக்கு மேலே என்றால் பச்சை. 11.5 முதல் 12.5 வரை மஞ்சள், கவனம் வேண்டும். 11.5க்குக் கீழே சிவப்பு, அது கடுமையான ஊட்டக்குறைவு.

சிவப்பு வந்தால் வீட்டிலேயே சத்துமாவு கொடுத்துத் தேற்றிவிடலாம் என்று நீங்களாக இறங்காதீர்கள். அந்த வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். பிள்ளை சாப்பிட மறுக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, துவண்டு கிடக்கிறது, இரண்டு பாதமும் வீங்கி விரலால் அழுத்தினால் குழி விழுகிறது என்றால் அன்றைக்கே கிளம்புங்கள், வேண்டுமென்றால் 108ஐக் கூப்பிடுங்கள், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை போக வேண்டியிருக்கலாம். கூட ஒருத்தர் போங்கள். அந்தத் தாய்க்கு அன்றையக் கூலி போகும், மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கவலை இருக்கும், "போங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தால் போக மாட்டார்.

கையை அளந்து மெலிந்திருக்கிறது என்று சத்தமாகச் சொல்வதும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் "உன் பிள்ளை வத்தப் பிள்ளையாமே" என்று ஊர் முழுக்கப் போய்விடும், அப்புறம் அந்த வீட்டுக் கதவு உங்களுக்குத் திறக்காது.

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை

உங்கள் பலத்தை எங்கே போடுவது என்று கேட்டால் இங்கேதான் என்பேன். யோசித்துப் பாருங்கள், அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவு 2022 செப்டம்பரில் தொடங்கி இப்போது பரவியிருக்கிறது, மத்தியானம் சத்துணவு எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து, 1982லிருந்து இருக்கிறது, இரண்டு வயதுக்கு மேல் என்றால் அங்கன்வாடியில் சூடான சாப்பாடு. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரைதான் சாப்பாடு வீட்டுக்குள்ளேயே, பெரும்பாலும் பாட்டி கையில். அங்கன்வாடியிலிருந்து சத்துமாவு வரும், அதைக் கிண்டிக் கொடுக்கிற கை வீட்டில்தான் இருக்கிறது.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்க வேண்டும், மஞ்சளாக வருகிற சீம்பாலைப் பிழிந்து கொட்டக் கூடாது. சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தடவுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. தேன் ஒரு வயது வரை ஆகவே ஆகாது, கைக்குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்தான நஞ்சேற்றம் கொண்டுவரலாம். பெரியவர்கள் ஆசைப்பட்டால் நல்ல மனசுக்காரர் ஒருவர் பிள்ளையைத் தூக்கி வாழ்த்தட்டும், நாக்குப் பக்கம் போக வேண்டாம். இப்படிச் சொன்னால் பாதிப் பேர் கேட்கிறார்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் கூடச் சாப்பாடு. ரொம்பப் பேர் செய்கிற தவறு தண்ணியாகக் கரைப்பது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழிந்து ஓடக் கூடாது, நின்று மெதுவாக விழ வேண்டும். சின்ன வயிறு அது, தண்ணியாலேயே நிறைந்துவிட்டால் சத்துக்கு இடம் ஏது? இரண்டு மூன்று ஸ்பூனில் தொடங்கி, எட்டு மாதம் வரை நாளைக்கு இரண்டு மூன்று தடவை. ஒன்பதிலிருந்து பதினொரு மாதம் வரை வேளைக்கு அரைக் கப், நாளைக்கு மூன்று நாலு தடவை. ஒரு வயதுக்கு மேல் முக்கால் கப்பிலிருந்து ஒரு கப் வரை, கூட இடைத்தீனி. தாய்ப்பால் இரண்டு வயது வரையாவது தொடரட்டும். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் தேவையில்லை.

நம் ஊரில் ஏத்தங்காயை, அதாவது நேந்திரங்காயை, சீவிக் காயவைத்துப் பொடித்துக் கூழ் காய்ச்சிக் கொடுப்பார்கள். நல்லதுதான், வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளும், ஆனால் அது பெரும்பாலும் மாவுச்சத்துதான். வறுத்த சிறுபயறுப் பொடியைக் கூடச் சேருங்கள், ஏத்தங்காய்ப் பொடி இரண்டு பங்கு என்றால் பயறு ஒரு பங்கு. இறக்கும்போது அரை ஸ்பூன் தேங்காயெண்ணெய். மட்டிப்பழத்தை மசித்துக் கொடுங்கள், புவிசார் குறியீடு வாங்கிய நம்ம மாவட்டத்துப் பழம், பிள்ளைக்குக் கொடுக்காமல் வேறு யாருக்கு?

மீன் கொடுத்தால் மாந்தம் வரும் என்று பாட்டிமார் சொல்வார்கள். சண்டை போடாதீர்கள். ஒரு நாள் அங்கன்வாடியில் பாட்டிமாரை மட்டும் கூப்பிட்டு, சாளையை மிளகாய் சேர்க்காமல் அவித்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, சோற்றோடு பிசைந்து பத்து மாதப் பிள்ளைக்கு அவர்கள் கையாலேயே ஊட்டச் சொன்னோம். மறுநாள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் செய்தி எங்கள் பேச்சைவிட வேகமாக ஊரைச் சுற்றியது.

மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிழங்கும் மீனும் நம் முன்னோர் கண்ட நல்ல ஜோடி, ஏனென்றால் கிழங்கில் நூறு கிராமுக்கு இரண்டு கிராம் புரதம்கூட இல்லை, சாளையில் இருபது கிராம் பக்கம் இருக்கிறது. கிழங்கு இருந்து மீன் இல்லாத வீட்டில்தான் கஷ்டம். மீன் கிடைக்காத நாளில் காணம் (கொள்ளு), சிறுபயறு, நிலக்கடலைச் சம்மந்தி (துவையல்) என்று ஏதாவது கூட வரட்டும், கட்டன் சாயாவோடு கிழங்கு மட்டும் என்பது பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் சாப்பாடு ஆகாது. அவித்த தண்ணீரை வடித்துக் கொட்டுகிற பழக்கம் சரியான பழக்கம், அதை விடாதீர்கள்.

சத்துமாவு ஏன் கோழிக்குப் போகிறது

சில வீடுகளில் போகிறது, மறைப்பதற்கில்லை. ஒரே மாதிரிக் கஞ்சியாகக் கிண்டிக் கிண்டிப் பிள்ளைக்குச் சலித்துவிடுகிறது. எங்கள் வார்டில் எடுபட்டது சிரட்டைப் புட்டு, தேங்காய் ஓட்டில் அவிக்கிற புட்டு. சத்துமாவில் வெல்லம் சேர்ந்திருப்பதால் தனியாக அவித்தால் கட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் பாதி சத்துமாவு, பாதி வறுத்த அரிசிப்புட்டு மாவு. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசிறுங்கள், கையில் பிடித்தால் நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். சிரட்டையில் தேங்காய்த் துருவல், மாவு, மறுபடி தேங்காய், ஐந்தாறு நிமிடம் ஆவி. மட்டிப்பழத்தோடு பிசைந்து கொடுத்தால் ஒன்றரை வயதுப் பிள்ளை தட்டை வழித்துச் சாப்பிடும். கர்ப்பிணிகளுக்கு அதே மாவில் முருங்கையிலை போட்டு அடை.

ரேஷன் அரிசி பற்றியும் கேட்பார்கள். 2023லிருந்து செறிவூட்டிய அரிசி கலந்து தர ஆரம்பித்தபோது, சோறு வைக்கும்போது சில மணிகள் மிதக்கிறது, பிளாஸ்டிக் அரிசி என்று ஒரே புரளி. முறத்தில் போட்டு அதை மட்டும் பொறுக்கி எறிந்த வீடுகளை நானே பார்த்தேன். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மணியாக அழுத்தியது அது, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கணக்கில் கலந்தது. பொறுக்காமல் சமையுங்கள், வடித்த கஞ்சித்தண்ணியைக் கொட்டாமல் குடியுங்கள்.

மாத்திரையும் சாயாவும்

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 2019-21இல், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். உங்கள் குழுக் கூட்டத்தில் இருபது பேர் உட்கார்ந்தால் பத்துப் பேரை அங்கேயே எண்ணிக்கொள்ளலாம், அதில் நீங்களும் இருக்கலாம், முதலில் நீங்கள் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7க்குக் கீழே என்றால் ஆபத்து, மருத்துவமனைதான். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் நல்லதுதான், ஆனால் 8இல் நிற்கிற ரத்தத்தைக் கீரை மட்டுமே ஏற்றிவிடாது. மாத்திரை வேண்டும். இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த அந்தச் சிவப்பு மாத்திரை, கர்ப்ப காலத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள். இலவசமாகத்தான் தருகிறார்கள். எங்கே போகிறது? தலையணைக்கடியில், பழைய பாட்டிலில், கிணற்றுக்குள்.

ஏன் விழுங்கவில்லை என்று கேளுங்கள். வாந்தி வருது, மலச்சிக்கல், கறுப்பாகப் போகுது என்பார்கள். கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயமில்லை என்று யாரும் சொல்லாததால்தான் பாதிப் பேர் நிறுத்துகிறார்கள். குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் படுத்துவிடச் சொல்லுங்கள். கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது, ஒன்று காலை என்றால் மற்றது ராத்திரி. எலுமிச்சைத் தண்ணீர், நெல்லிக்காய், கொய்யா கூட இருந்தால் உடம்பில் நன்றாகப் பிடிக்கும். ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டும் ரத்தம் ஒரு புள்ளிகூட ஏறவில்லை என்றால் நர்ஸம்மாவிடம் சொல்லி டாக்டரைப் பார்க்க வேண்டும், வேறு காரணம் இருக்கலாம். குடற்புழு ஒரு காரணம், அதற்கும் மாத்திரை தருவார்கள்.

இப்போது சாயா. குமரி மாவட்டத்தில் சாயாவை நிறுத்து என்று சொன்னால் உங்களைத்தான் நிறுத்துவார்கள். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள், சாயா இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்கு விடாது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மட்டும் சாயா வேண்டவே வேண்டாம், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த அண்டியாபீஸ் அக்காவின் மாமியாரிடம் நாங்கள் வைத்த ஒரே கோரிக்கை, பிஸ்கட்டைச் சாயாவில் முக்குவதற்குப் பதில் அவித்த முட்டையைக் கஞ்சியில் மசித்துக் கொடுங்கள் என்பதுதான்.

எடுத்து மூடி வை

கர்ப்பிணிக்கு மீன் துண்டு போய்ச் சேராததற்கு நாங்கள் எத்தனையோ பேசிப் பார்த்தோம். பெண்களுக்குக் கூட்டம் போட்டால் பெண்கள் தலையாட்டுவார்கள், வீட்டில் கடைசியாகத்தான் சாப்பிடுவார்கள். பிறகு கொஞ்சம் புத்தி வந்தது. பரிமாறும்போது பங்கு கேட்டால்தானே சங்கடம்? சமைத்து இறக்கியதும், யாருக்கும் பரிமாறுவதற்கு முன்னால், ஒரு கிண்ணத்தில் அவளுக்குரியதை எடுத்து மூடி வைத்துவிட வேண்டும். ஒரு மீன் துண்டு, ஒரு கரண்டிப் பயறோ பருப்போ, ஒரு பிடி கீரைத் துவரன் (பொரியல்). அந்தக் கிண்ணத்தை யாரும் தொடக் கூடாது.

இதை யாரிடம் சொல்வது? மாமியாரிடம். குற்றம் சொல்கிற தொனியில் சொன்னால் எடுபடாது, பொறுப்பைக் கொடுக்கிற தொனியில் சொல்ல வேண்டும், "அம்மா, இந்தக் கிண்ணம் உங்க கையிலதான் இருக்கு" என்று. எங்கள் குழு எவர்சில்வர் மூடிக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தது, நாற்பது டின் பவுடரில் ஆன செலவில் கால்வாசிகூட ஆகவில்லை. பவுடர் டின்னில் மிளகாய்ப்பொடி போட்ட அதே வீட்டில் கிண்ணம் இன்றைக்கும் கிண்ணமாகவே இருக்கிறது.

ஆண்களையும் விடக் கூடாது. அன்பியக் கூட்டத்திலோ, கோவில் கொடைக்கு வரி பிரிக்கிற கூட்டத்திலோ, பள்ளிவாசல் ஜமாஅத்திலோ பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். தனியாகக் கூட்டம் போட்டால் ஒரு ஆண்கூட வர மாட்டார்.

எந்த மாதம் இடிக்கும்

வெளியிலிருந்து வருகிற திட்டங்கள் கோட்டை விடுகிற இடம் இது. நம் மாவட்டத்தில் கூலி வருடம் முழுக்க ஒரே மாதிரி வராது. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, கிழக்குக் கரையில் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆனி ஆடியில் கடல் சீற்றம், வள்ளம்கூட இறங்காத நாட்கள் உண்டு. ரப்பரில் தை மாசியில் இலை உதிர்ந்தால் பால்வெட்டு நிற்கும், மழை பிடித்தாலும் நிற்கும். அண்டியாபீஸ் எப்போது அடைப்பார்கள் என்று முன்னாடி தெரியாது. உங்கள் வார்டில் யார் என்ன தொழில் என்று நோட்டில் இருக்கிறதல்லவா, எந்த வீட்டுக்கு எந்த மாதம் இடிக்கும் என்று பக்கத்தில் எழுதிவையுங்கள்.

நாங்கள் அதற்கு ஒரு பயறுச் சீட்டு போட்டோம். கையில் காசு புழங்குகிற மாதங்களில் வாரம் இருபது ரூபாய். அந்தப் பணத்தில் வடசேரிச் சந்தையில் மொத்தமாகச் சிறுபயறும் காணமும் நிலக்கடலையும், மலிவாக இருக்கும்போது உப்புப் போடாமல் காயவைத்த நெத்திலியும் வாங்கி, வெயிலில் ஒருதடவை போட்டெடுத்து, டிரம்மில் வேப்பிலை போட்டு மூடி வைப்பது. பஞ்ச மாதத்தில் பிரித்துக்கொள்வது. சீட்டுப் போட முடியாத இரண்டு மூன்று வீட்டுக்கும் சேர்த்தே வாங்குவோம், யாருக்கு என்று வெளியே சொல்வதில்லை. நெத்திலியை வறுத்துப் பொடித்து வைத்தால் பிள்ளையின் சோற்றில் ஒரு ஸ்பூன் தூவலாம்.

வீட்டுத்தோட்டம் எல்லாரும் சொல்வதுதான், நீட்டவில்லை. முருங்கை, பப்பாளி, தண்டுக்கீரை, இந்த மூன்று போதும். கடற்கரையில் இடம் இல்லாத வீட்டுக்குச் சாக்கில் மண் நிரப்பிக் கீரை.

வாங்க வேண்டியதை வாங்கிக் கொடுங்கள்

கர்ப்பம் தெரிந்ததும் பன்னிரண்டு வாரத்துக்குள் நர்ஸம்மாவிடம் பதிந்து பிக்மி எண், அதாவது கர்ப்பப் பதிவு எண், வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழிலேயே சிக்கல் வரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி உண்டு, அதில் 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம், மிச்சம் தவணையாக வங்கிக் கணக்கில். பல பெண்களுக்குப் பணம் நிற்பது எங்கே என்றால் ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர், கல்யாணத்துக்கு முன் முகவரி ஒன்று, பின் ஒன்று. உங்கள் குழுவில் கணினி தெரிந்த பிள்ளை யாராவது இருந்தால் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் அங்கன்வாடியில் உட்கார வையுங்கள், இதைவிடப் பெரிய சேவை இல்லை. கடுமையான ஊட்டக்குறைவு உள்ள ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மாருக்கு "ஊட்டச்சத்தை உறுதி செய்" திட்டத்தில் தனிப் பெட்டகம் உண்டு, அங்கன்வாடியில் கேளுங்கள். சந்தேகம் என்றால் 104 சுகாதார உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாலும் சொல்வார்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச்சர்க்கரைக் கரைசலும் 14 நாள் துத்தநாக மாத்திரையும், சாப்பாட்டையும் தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது.

நோட்டை மூடாதீர்கள்

மஞ்சள், சிவப்பு வந்த பிள்ளைகளை இரண்டு வாரத்துக்கு ஒருதடவை, மற்றவர்களை மாதம் ஒருதடவை போய்ப் பாருங்கள். எங்கள் நோட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம், மேலே பெயரோடு "நேற்றைய சாப்பாடு", கீழே அளவு, ஓரத்தில் அந்த மாதம் கூலி இருந்ததா இல்லையா. பச்சை வந்துவிட்டது என்று அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தினால் அடுத்த தடைக்காலத்திலேயே மஞ்சளுக்கு இறங்கிவிடும், எங்களுக்கு மூன்று வீட்டில் அப்படி ஆனது. ஒரு முழு வருடம், எல்லாப் பஞ்ச மாதத்தையும் தாண்டுகிற வரை போய்க்கொண்டிருங்கள். அந்த அண்டியாபீஸ் அக்கா வீட்டுப் பக்கத்தில் இப்போது பதினாலு தேதிகள் இருக்கின்றன. கடைசியாகப் போனபோது பாட்டி எங்களுக்குச் சாயா போட்டுக் கொடுத்தார், பிள்ளை கையில் பாதி முட்டை இருந்தது.